ஓடையோரமா, மேடா: கிக்கபூ பள்ளத்தாக்கில் ஆர்.வி. நிறுத்த இடம் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதி என்றதும் மேசைபோல் தட்டையான சோளக்காடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலை அப்படிப்பட்டதல்ல. பனியுகத்தில் பனிப்பாளங்கள் சுற்றிலும் இருந்த நிலத்தையெல்லாம் தேய்த்துச் சமமாக்கியபோது, இந்தப் பகுதியைத் தொடாமல் போய்விட்டன. டிரிஃப்ட்லெஸ் என்று இதற்குப் பெயர். நீளமான மேட்டு முகடுகள், நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்குகள், ஒவ்வொரு பள்ளத்தாக்கின் அடியிலும் ஒரு டிரவுட் மீன் ஓடை. கண்ணுக்கு அவ்வளவு அழகு. கேம்ப்கிரவுண்ட், அதாவது கூடாரமோ வண்டியோ போட்டு இரவு தங்கும் இடம், தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு மிகச் சிக்கலான நிலமும் இதுதான்.

ஒரு கோடையில் நாங்கள் இங்கே நான்கு இரவுகள் தங்கியதைப் பற்றியது இந்த ஆய்வு. எங்கே சரியாக யோசித்தேன், எங்கே தவறினேன் என்று இரண்டையும் எழுதுகிறேன். அடுத்து போகிறவர்களுக்கு உதவட்டும்.

ஆறு பேர். நானும் மனைவியும், எட்டு வயது மகன், ஐந்து வயது மகள், மதுரையிலிருந்து வந்திருந்த மாமாவும் அத்தையும். அத்தைக்கு முழங்கால் வலி. இரவில் இரண்டு முறையாவது எழுந்திருப்பார். அதனால் கூடாரம் என்ற பேச்சே எடுக்கவில்லை. சிகாகோ புறநகரில் 30 அடி நீள மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்த மாதிரி வண்டிகளைத்தான் ஆர்.வி. என்கிறார்கள். ஜூன் கடைசி வாரம், வியாழன் மாலை போய்ச் சேர்ந்து திங்கள் காலை கிளம்புவதாகத் திட்டம்.

இடம் தேடத் தொடங்கியது ஏப்ரலில். அதுவே தாமதம். விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 11 மாதம் முன்னதாகவே பதிவு திறந்துவிடுகிறது. மின்சாரம் உள்ள இடங்கள், அதிலும் கோடை வார இறுதிகள், திறந்த கையோடு போய்விடும். ஏப்ரலில் கை நீட்டுகிறவனுக்கு யாராவது ரத்து செய்தால்தான் உண்டு. நான் தினமும் காலையில் காபியோடு பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் வயலூசிங் மாநிலப் பூங்காவில் சனி, ஞாயிறு இரண்டு இரவுக்கு ஓர் இடம் விழுந்தது. மின்சாரம் உண்டு. உடனே எடுத்துவிட்டேன்.

மீதி வியாழன், வெள்ளி. இதற்கு என் முன்னால் மூன்று வாய்ப்புகள் இருந்தன.

முதலாவது வைல்ட்கேட் மவுன்டன் மாநிலப் பூங்கா. கிக்கபூ ஆற்றுக்கு மேலே குன்றின்மீது இருக்கிறது, அழகான இடம். ஆனால் அடிவாரத்து ஒன்டாரியோ ஊரிலிருந்து 33ஆம் எண் நெடுஞ்சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக 30 அடி வண்டியை ஓட்டும் நாளில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் வேண்டாம் என்று தோன்றியது. மின்சாரம் உள்ள இடமும் எங்கள் தேதிக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, மிசிசிப்பி ஓரத்தில் டி சோட்டோ ஊருக்கு அருகே உள்ள பிளாக்ஹாக் பார்க். ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு நடத்தும் கேம்ப்கிரவுண்ட் இது. 1832இல், பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்கின் மக்களுக்கு எதிராக அமெரிக்கப் படைகள் நடத்திய போரின் கடைசிக் கோரம் நடந்த பேட் ஆக்ஸ் இந்தக் கரைதான். ஆற்றைக் கடந்து தப்ப முயன்ற பெண்களும் குழந்தைகளும்கூடக் கொல்லப்பட்ட இடம். இந்தப் படைப்பிரிவு நடத்தும் கேம்ப்கிரவுண்டுகளை எனக்குப் பொதுவாகப் பிடிக்கும். அகலமான இடங்கள், சுத்தமான கழிப்பறை, நியாயமான கட்டணம். 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் மத்திய அரசின் மூத்தோர் பாஸ் வைத்திருந்தால் பாதிக் கட்டணம்தான். மாமாவும் அத்தையும் சுற்றுலா விசாவில் வந்தவர்கள், அந்தச் சலுகை எங்களுக்கு இல்லை. நான் தயங்கிய காரணம் வேறு: ரயில். மிசிசிப்பியின் விஸ்கான்சின் கரை நெடுகப் பி.என்.எஸ்.எஃப். என்ற ரயில் நிறுவனத்தின் சரக்குப் பாதை ஓடுகிறது. சாலை குறுக்கிடும் இடமெல்லாம் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று ஹாரன் அடித்தாக வேண்டும் என்பது சட்டம். இரவு ஒரு மணி, மூன்று மணி என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. ஒருமுறை விழித்தால் மறுபடி தூக்கம் வராத அத்தையை அங்கே படுக்கவைக்க மனம் வரவில்லை.

மூன்றாவது, மச்சான் சொன்ன இடம். கிக்கபூ பள்ளத்தாக்கில், கிளை ஓடை ஒன்றின் கரையில் ஒரு தனியார் ஆர்.வி. பார்க். "தண்ணி, கரண்ட், கழிவுநீர்க் குழாய் மூணும் வண்டிகிட்டயே வந்துடும் மாமா. பிள்ளைங்களுக்கு நீச்சல் குளம் இருக்கு. ஓடை பத்தடி தள்ளி ஓடுது" என்றார். படங்களில் பச்சைப் புல்வெளி, ஓடையில் வெயில் மின்னியது. பெயர் சொல்லவில்லை, தேவையுமில்லை. அத்தையின் வசதியை நினைத்து அதையே எடுத்தேன்.

இங்கேதான் என் தவறு. வண்டிக்கு என்ன வசதி வரும் என்று பார்த்தேன். அந்த நிலத்துக்கு என்ன வரும் என்று பார்க்கவில்லை.

கிக்கபூ ஆற்றின் கதை தெரியாதவனில்லை நான். நேர்க்கோட்டில் 60 மைல் போல இருக்கும் தூரத்தை 120 மைலுக்கு மேல் வளைந்து கடக்கும் ஆறு. சுற்றியிருக்கும் சரிவுகளில் விழும் மழை முழுவதும் ஒரே ஒடுக்கமான தரையில் வந்து சேர்கிறது. 1978 வெள்ளத்துக்குப் பிறகு சோல்ஜர்ஸ் குரோவ் என்ற ஊர் தன் கடைத்தெருவையே பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் வைத்தது. புதிய கட்டடங்களைச் சூரிய வெப்பத்தில் சூடேறும்படி கட்டிக்கொண்டார்கள். 2007 ஆகஸ்டிலும், ஒரு வருடம்கூட ஆகாமல் 2008 ஜூனிலும் அடுத்தடுத்து மூழ்கிய கேஸ் மில்ஸ், ஊரின் ஒரு பகுதியை உயரமான இடத்துக்கு மாற்றியது. 2018 ஆகஸ்ட் இறுதியில் ஒரே இரவில் கொட்டிய மழையில், கூன் கிரீக், வெஸ்ட் ஃபோர்க் கிக்கபூ நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வெள்ளத்தைத் தடுக்கவே கட்டிய ஐந்து அணைகள் உடைந்தன. கூன் பள்ளத்தாக்கு என்பது 1933இல் நாட்டிலேயே முதல் நீர்ப்பிடிப்பு மண்காப்புத் திட்டம் தொடங்கிய இடம். அவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொண்ட நிலத்திலேயே அந்த இரவு அப்படி. இதெல்லாம் படித்து வைத்திருந்தும், இடம் பதிவு செய்யும்போது நீச்சல் குளம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

வியாழன் மாலை சேர்ந்தோம். நிர்வாகி அன்பானவர். குழாய்களை மாட்டி, மின்கம்பியைச் செருகி, பிள்ளைகள் குளத்தில் இறங்கிய பிறகு மாமாவும் நானும் ஓடைப்பக்கம் நடந்தோம். மாமா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளெல்லாம் கால்வாயும் மதகும் பார்த்தவர். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"மாப்பிள்ளை, அந்த மரத்தைப் பாருங்க."

காட்டன்வுட் மரம் ஒன்றின் கவட்டையில் காய்ந்த சோளத்தட்டையும் புல்லும் சிக்கியிருந்தன. என் நெஞ்சு உயரம். அங்கே யாரும் கொண்டுபோய்ச் செருகியிருக்க மாட்டார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. எங்கள் வரிசையில் மின்பெட்டிகள் எல்லாம் உயரமான கம்பத்தில், மேல்வரிசையில் சாதாரண உயரத்தில். பிக்னிக் மேசைகள் சங்கிலியால் மரத்தோடு பூட்டப்பட்டிருந்தன. வெளியே போக ஒரே வழி, அதுவும் ஓடையைத் தாழ்வான பாலம் ஒன்றின் மேல் கடந்து. பருவம் முழுக்க ஒரே இடத்தை எடுத்துத் தங்கும் பழைய ஆட்களின் டிரெய்லர்கள், பூந்தொட்டியும் மரத்தாழ்வாரமுமாக, எல்லாமே மேல்வரிசையில்தான் இருந்தன. ஓடையோரத்து அழகான வரிசை முழுவதும் எங்களைப் போல இரண்டு இரவு வந்துபோகிறவர்களுக்கு. ஒரு கேம்ப்கிரவுண்டைப் பற்றி அங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் தேர்ந்த இடம் சொல்லும் உண்மையை எந்த நட்சத்திர மதிப்பீடும் சொல்லாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

வெள்ளி பிற்பகல் லா கிராஸில் உள்ள தேசிய வானிலை அலுவலகம் திடீர் வெள்ளக் கண்காணிப்பு, அதாவது திடீர் வெள்ளம் வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு, வெளியிட்டது. பள்ளத்தாக்கின் அடியில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றைக் கொண்டு போயிருந்ததால் தெரிந்தது. இந்த ரேடியோவை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கைகள் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரைச் சொல்லித்தான் வரும். வெர்னனா, கிராஃபோர்டா, ரிச்லாண்டா, நாம் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்று தெரியாதவருக்கு அந்தக் குரலால் பயனில்லை. போய்ச் சேர்ந்த உடனே ஒரு தாளில் எழுதி வண்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

நிர்வாகியிடம் கேட்டேன். "பயப்படாதீர்கள், மேல்வரிசைக்கு இரவில் நகர்த்திவிடலாம்" என்றார். அவர் நல்ல மனதோடு சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 30 அடி வண்டியை நள்ளிரவு மழையில், குழாய்களைக் கழற்றி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஈரப்புல்லில் பின்னெடுக்க என்னால் முடியாது. மேல்வரிசையில் அப்போதே இடம் கேட்டேன், நிரம்பிவிட்டது என்றார். கட்டிய பணம் திரும்ப வராது என்பதையும் சொன்னார். மாமா என் முகத்தைப் பார்த்தார். "பகல்லயே போயிடுவோம்" என்றார். நான்கு மணிக்குக் கிளம்பினோம். மகள் குளத்தை விட்டு வர மாட்டேன் என்று அழுதாள்.

எங்கே போவது? மிட்வெஸ்ட் கிராமப்புறத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு. சிற்றூர்கள் பலவற்றின் பூங்காவிலும், கவுண்டிப் பொருட்காட்சித் திடலிலும் நாலைந்து மின்கம்பங்களோடு வண்டி நிறுத்த இடம் வைத்திருப்பார்கள். முன்பதிவு பெரும்பாலும் இல்லை. முதலில் வருபவருக்கு இடம். ஆற்றைத் தாண்டி அயோவாவில் 99 கவுண்டிகளுக்கும் தனித்தனியாக இயற்கைப் பாதுகாப்பு வாரியம் இருக்கிறது. அவை நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் பல மாநிலப் பூங்காவுக்குக் குறையாதவை, கூட்டமும் குறைவு. நாங்கள் கண்டுபிடித்தது முகட்டின்மேல் இருந்த ஒரு சின்ன ஊரின் பூங்கா. பேஸ்பால் திடலை ஒட்டி ஐந்து கம்பங்கள். வாசலில் இரும்புப் பெட்டி. உறையில் பெயரும் வண்டி எண்ணும் எழுதி, பணத்தை வைத்து உள்ளே போட வேண்டும். அருகிலேயே செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டிய கழிப்பறை. சூறாவளி எச்சரிக்கை வந்தால் வண்டியை விட்டு ஓடி ஒதுங்க அதுதான் இடம் என்று மனைவி முதலில் அதைத்தான் பார்த்துவிட்டு வந்தாள். மோட்டார்ஹோம் சூறாவளிக்கு அடைக்கலம் ஆகாது. மேட்டுக்குப் போனால் வெள்ள பயம் போகும், காற்றும் இடியும் கூடும். அதற்கும் ஒரு கட்டடம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இரவு பதினொன்றுக்கு மழை தொடங்கியது. கூரை தகரம்போல் அதிர்ந்தது. அத்தை கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே இருந்தார், பிள்ளைகள் அந்தக் குரலிலேயே தூங்கிப்போனார்கள். காலையில் ஊர்க் கடையில் காபி வாங்கும்போது, கீழே பள்ளத்தாக்குச் சாலை மூடியிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு நாங்கள் இருந்த பார்க்குக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓடை எங்கள் வரிசைக்குள் மேசை உயரத்துக்கு வந்து, விடிவதற்குள் இறங்கியும் விட்டதாம். இரவு ஒரு மணிக்கு எல்லாரையும் எழுப்பி மேலே ஏற்றியிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. நான் ரயிலுக்காக ஒதுக்கிய பிளாக்ஹாக் பார்க்கும் வெள்ளம் வரும் இடம்தான். வசந்தத்தில் மிசிசிப்பி உயர்ந்தால் மூடிவிடுவார்கள். ஆனால் பேராறு மெல்ல ஏறும். வடக்கே பனி உருகி வரும் நீர் எந்த நாளில் எவ்வளவு உயரம் எட்டும் என்று பல நாள் முன்பே கணித்துச் சொல்லிவிடுகிறார்கள், நமக்கும் பதிவை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. கிளை ஓடை அப்படியல்ல. முகட்டில் இரவு பெய்தது ஓரிரு மணி நேரத்தில் காலடியில் நிற்கும். "ஆற்றோரம்" என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தேர்ந்தெடுக்கும்போது பெரிய ஆற்றங்கரையை ஒதுக்கிவிட்டு, சின்ன ஓடையை நம்பினேன். தலைகீழாக யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை முகட்டுச் சாலையான 27ஐப் பிடித்து, பிரெய்ரி டு ஷீன் வழியாக வயலூசிங் போனோம். விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுமார் 500 அடி உயரப் பாறை விளிம்பில் இருக்கிறது இந்தப் பூங்கா. 1673 ஜூன் 17 அன்று பிரெஞ்சுப் பயணிகள் மார்க்கெட்டும் ஜோலியேவும் படகில் வந்து மிசிசிப்பியைக் கண்ட இடம் கீழே தெரியும். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் எழுப்பிய மண்மேடுகள் முகட்டின் மீது வரிசையாக இருக்கின்றன. அவர்களும் மேட்டைத்தான் தேர்ந்தார்கள் என்று மாமா சொன்னார். கூட்டம் கூட்டமாக வானத்தை மூடிப் பறந்து, மனிதர் வேட்டையால் அழிந்துபோன பயணிப் புறாவுக்கு 1947இல் வைத்த நினைவுக்கல்லும் இங்கே உண்டு. மகன் அதன்முன் வெகுநேரம் நின்றான். ஒன்றுகூட மிச்சமில்லையா என்று கேட்டான்.

வசதி என்று பார்த்தால் இங்கே குறைவு. மின்சாரம் மட்டும்தான் வண்டியிடம் வரும். தண்ணீரை நுழையும்போதே தொட்டியில் நிரப்பிக்கொள்ள வேண்டும், கழிவைத் திரும்பும்போது டம்ப் ஸ்டேஷனில் இறக்க வேண்டும். எங்கள் தொட்டி 40 கேலன், சுமார் 150 லிட்டர். ஆறு பேர், இரண்டு நாள். எனக்குக் கவலையாக இருந்தது. அத்தைக்கு இல்லை. மதுரையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்ற காலத்தைப் பார்த்தவர். பாத்திரம் கழுவ ஒரு வாளி, அலச ஒரு வாளி, குளியல் பூங்காவின் குளியலறையில் என்று முதல் அரை மணியிலேயே சட்டம் போட்டுவிட்டார். திங்கள் காலை தொட்டியில் கால்வாசி மிச்சம்.

மின்சாரத்தில்தான் தடுமாறினோம். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3600 வாட். கூரை ஏசி ஒன்றே அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளும். ஏசி ஓடும்போது மைக்ரோவேவும் ரைஸ் குக்கரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். சனி இரவு இரண்டு முறை விழுந்தது. 50 ஆம்ப் என்பது இதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தலா 50 ஆம்ப் கொண்ட இரண்டு தனி 120 வோல்ட் இணைப்பாக வருவதால் 12,000 வாட். நம் சமையல் செய்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது.

இன்னொரு தவறு, இடத்தின் சரிவு. பதிவில் நீளம் போதும் என்று போட்டிருந்தது, வண்டி நின்றது. ஆனால் முன்பக்கம் தாழ்ந்து நின்றது. இந்த வண்டிகளில் கேஸில் ஓடும் குளிர்பெட்டி பெரும்பாலும் அம்மோனியா முறையில் வேலை செய்வது. தரை சமமாக இல்லாவிட்டால் குளிராது, கெட்டும்போகும். சக்கரத்துக்கடியில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகளை வாடகைக் கடை தரவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்து இடத்தில் இருந்த அயோவாக்காரர் தம்முடையதைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்து, மண்டியிட்டு வைத்தும் தந்தார். விறகும் அவர் சொல்லித்தான் பூங்காவுக்குப் பக்கத்திலேயே வாங்கினோம். ஆஷ் மரத்தைக் கொல்லும் பச்சை வண்டு பரவாமல் இருக்க, 10 மைலுக்கு அப்பாலிருந்து சான்றில்லாத விறகைக் கொண்டுவர இங்கே தடை இருக்கிறது.

ரயில்? அதுவும் வந்தது. பாறைக்குக் கீழே அதே பாதைதான் ஓடுகிறது. ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு ஹாரன் கேட்டு நான் விழித்தபோது அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, மரங்களின் இடைவெளியில் தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கவில்லையா என்று கேட்டேன். "தூங்கிட்டுதான் இருந்தேன் மாப்பிள்ளை. நம்ம ஊர் கூட்ஸ் வண்டி மாதிரியே கூவுது" என்றார்.

திங்கள் காலை கிளம்பும் முன் மச்சானைக் கூப்பிட்டேன். அவர் ஆகஸ்டில் அதே பார்க்குக்குப் பதிவு செய்து வைத்திருக்கிறார், அதே ஓடையோர வரிசை. மேல்வரிசையில் ஏதாவது காலியாகிறதா என்று தினமும் கேட்கச் சொன்னேன். கிடைக்காவிட்டால் முகட்டு ஊரின் பூங்கா இருக்கும் சாலையையும், இரும்புப் பெட்டிக்கு ரொக்கம் தேவை என்பதையும் சொல்லி, மாமாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் மரக்கவட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.